அளந்து எழுதுவதும் ஒரு வழிபாடு

இணையத்தில் காணக் கிடைத்த விந்தைகளுள் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து வாரந்தோறும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது இப்பகுதியின் வழக்கம். இந்த வாரம் அந்தத் தேர்வை அடியேன் செய்யவில்லை. மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒரு கடிதம் செய்துவிட்டது.

எழுதியவர் எண்பது வயதைக் கடந்த பெரியவர். சில நாட்களுக்கு முன் அவருடைய கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி வந்ததாம். கேதாரநாதம் முதல் இராமேசுவரம் வரை உள்ள எட்டுச் சிவத்தலங்கள் ஒரே தீர்க்கரேகையில், நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கின்றன என்றும், செயற்கைக்கோள் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் இதை அளந்து அமைத்தார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. பெரியவர் மெய்சிலிர்த்துப்போய், பொறியியல் படிக்கும் தம் பேரனிடம் அதைக் காட்டினார். அவன் தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, "தாத்தா, கோடு நேராகவே இல்லையே! சிதம்பரம் எங்கே இருக்கிறது, கேதாரம் எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்றான்.

அத்துடன் முடிந்திருந்தால் பெரியவர் கடிதம் எழுதியிருக்க மாட்டார். அன்று முதல் எந்தத் தலத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினாலும், "இதுவும் வாட்ஸ்அப்பில் வந்ததா தாத்தா?" என்று பேரன் சிரிக்கிறானாம். "சிறுவயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு மாயூரநாதர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தவன் அவன். இப்போது நான் தலபுராணம் சொன்னாலும் நம்புவதில்லை. அவன் முன்னால் நான் பொய் சொன்னவன் ஆகிவிட்டேனா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அக்கடிதத்தை இருமுறை படித்தேன். இது ஒரு வீட்டின் கதை அன்று என்று தோன்றியது. ஆகவே இவ்வாரத் தொகுப்பு முழுவதையும் அந்தப் பெரியவருக்கும் அவருடைய பேரனுக்குமாகவே அமைக்கிறேன். கைப்பேசிகளில் அடிக்கடி வலம் வரும் சில செய்திகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எது மெய், எது மிகை என்று அளந்து பார்ப்போம்.

எட்டுத் தலங்களும் ஒரே கோட்டிலா?

முதலில் பேரன் செய்த சோதனையை நாமும் செய்துவிடலாம். இது மிக எளிது. கைப்பேசியில் உள்ள கூகுள் வரைபடத்தில், கோயில் இருக்கும் இடத்தின்மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். முதல் எண் அட்சரேகை. இரண்டாவது எண் தீர்க்கரேகை. நமக்கு வேண்டியது இரண்டாவது எண்.

கேதாரநாதத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 79.07. இராமேசுவரத்துக்கு 79.32. சிதம்பரத்துக்கு 79.69. திருவானைக்காவுக்கு 78.7. நம் பகுதியில் ஒரு பாகை என்பது சற்றேறக்குறைய 108 கிலோமீட்டர். ஆகவே கேதாரத்திலிருந்து தெற்கே நேராக ஒரு கோடு இழுத்தால், இராமேசுவரம் அதற்குக் கிழக்கே 25 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும். சிதம்பரமோ 60 கிலோமீட்டருக்கும் அப்பால். திருவானைக்கா கோட்டின் மறுபுறம் போய்விடும். இதைத்தான் பேரன் கண்டான். அவன் கண்டது சரி.

ஆனால் அவன் பாதியில் நிறுத்திவிட்டான். இன்னும் இரண்டு இடங்களில் விரலை வைத்திருந்தால் அவனே வியந்திருப்பான். திருக்காளத்திக்கு 79.70, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு 79.70, சிதம்பரத்துக்கு 79.69. வாயுத்தலம், பிருத்வித்தலம், ஆகாயத்தலம் ஆகிய மூன்றும் வடக்கு தெற்காக 260 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்தும், கிழக்கு மேற்கில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தில் மூன்று இவ்வாறு நிற்பது கண்ணால் காணக்கூடிய உண்மை.

மற்றொன்றும் உண்டு. திருவண்ணாமலைக் கோயிலின்மேல் விரலை வைத்தால் 79.07 என்று வரும். அதாவது, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பனிமலையில் இருக்கும் கேதாரநாதரும், நம் அண்ணாமலையாரும் இரண்டாம் தசமம் வரை ஒரே எண்ணைக் கொண்டவர்கள். ஞானசம்பந்தர் திருக்காளத்தியில் இருந்தபடியே கேதாரம் முதலிய வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கும்போது கிடைக்கும் இன்பமே தனி.

இவற்றை நம் முன்னோர் திட்டமிட்டு அளந்தார்களா என்று பேரன் கேட்கக்கூடும். தரையில் ஒரு முளையை நட்டு, முற்பகல் நிழலையும் பிற்பகல் நிழலையும் குறித்து, அவற்றைக்கொண்டு கிழக்கு மேற்கைத் துல்லியமாகக் காணும் சங்குஸ்தாபன முறை நம் சிற்ப நூல்களில் விரிவாக இருக்கிறது. கோயில் எழுப்பும் ஒவ்வொரு மனையிலும் அது செய்யப்பட்டது. ஆனால் அது ஓர் இடத்தின் திசையைக் காணும் முறை. 260 கிலோமீட்டருக்குக் கோடு இழுக்கும் முறை அன்று. ஆகையால், "மூன்று பூதத் தலங்கள் ஒரே தீர்க்கரேகையை ஒட்டி நிற்கின்றன" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். எட்டு என்று நீட்டியதால்தான் மூன்றும் பொய்யாய்ப் போயின.

சிதம்பரமும் காந்தமும்

உலகத்தின் காந்தப் பூமத்தியரேகையின் மையம் நடராசப் பெருமானின் திருவடியில் இருக்கிறது என்பது இன்னொரு செய்தி. காந்தப் பூமத்தியரேகை என்பது உலகைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு கோடு. வட்டமாய்ச் சுற்றிவரும் கோட்டுக்குத் தரையில் தொடக்கமும் இல்லை, நடுவும் இல்லை. அது இந்தியாவைக் கடப்பதும் சிதம்பரத்துக்குத் தெற்கே, தென்கோடியில்தான்.

அந்தக் கோடு தென்கோடியைத் தொடுவது நம் நாட்டுக்குப் பெரும் பேறாக அமைந்தது. வான்மண்டலத்தின் மின்னோட்டங்களை ஆராய அக்கோட்டுக்கு அருகிலுள்ள இடமே தகுந்தது என்பதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆராய்ச்சிக்கூடம் இருப்பதற்கும் அதே கோடுதான் காரணம்.

சிதம்பரத்துக்கு அந்தக் கோடு எதற்கு? உருவமும் அருவமும் அருவுருவமும் ஒரே இடத்தில் வழிபடப்படும் தலம் அது. திரையை விலக்கினால் வெறும் வெளியையும் அதன்மேல் தொங்கும் பொன் வில்வமாலையையும் காட்டி, "இதுதான்" என்று சொல்லும் துணிவு வேறு எந்தச் சந்நிதிக்கு உண்டு? அந்த இரகசியத்துக்குக் காந்த ஊசியின் சான்று வேண்டியதில்லை.

ஜெனீவாவில் நின்ற நடராசர்

சிதம்பரத்தாரைச் சொன்னதும் ஜெனீவா நடராசரின் படம் நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகருக்கு அருகில், அணுவின் உட்பொருளை ஆராயும் 'செர்ன்' என்ற பெரிய நிலையம் இருக்கிறது. பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் துகள்களை ஓடவிட்டு மோதச் செய்யும் இடம். அங்கே ஆனந்த நடராசரின் திருவுருவம் நிற்கிறது.

இதுபற்றி வரும் செய்தியில், 'கடவுள் துகள்' எனப்படும் ஹிக்ஸ் துகளைக் கண்ட விஞ்ஞானிகள் வியந்துபோய் நடராசரை நிறுவி வணங்குகிறார்கள் என்று இருக்கும். நாட்களைப் பாருங்கள். சிலை திறக்கப்பட்டது 2004 ஜூன் 18-ஆம் தேதி. ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டதாக அறிவித்தது 2012-ஆம் ஆண்டு. பின்னது முன்னதற்கு எப்படிக் காரணமாகும்? அங்கே பூசையும் இல்லை. அந்நிலையத்துடன் இந்திய விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த தொடர்பின் நினைவாக நம் அரசு அளித்த பரிசு அது. உயரம் 2 மீட்டர்.

மெய்யை மட்டும் சொன்னால் பெருமை குறைந்துவிட்டதா? உலகின் மாபெரும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு நம் நாட்டின் அடையாளமாக எதை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, அனுப்பப்பட்டது தில்லைக் கூத்தனின் திருவுரு. துகள்களின் ஓயாத அசைவுக்கு அந்தக் கூத்தை ஒப்பிட்டு மேலைநாட்டு இயற்பியலாளர் பிரிட்ஜாப் காப்ரா 1975-லேயே நூல் எழுதியிருந்தார். அவருடைய சொற்கள் சிலையருகே உள்ள பலகையிலும் இருக்கின்றன. இதைச் சொன்னால் எந்தப் பேரனும் சிரிக்கமாட்டான்.

திருநள்ளாற்றில் நிற்காத செயற்கைக்கோள்

நம் தமிழகத்திலேயே பிறந்து, நம் தமிழகத்திலேயே மிகுதியாகச் சுற்றுவது இச்செய்தி. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுபோகின்றன என்றும், அமெரிக்காவின் நாசா இதைக் கண்டு திகைத்தது என்றும் சொல்கிறது.

பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் தாங்குகிறது. மூன்று விநாடியில் அது 20 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். திருநள்ளாற்றில் கண்ணிமைத்தால் காரைக்காலைத் தாண்டிக் கடலுக்கு மேல் போயிருக்கும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்தியரேகைக்கு நேர்மேலே மட்டுமே அவ்வாறு தோன்றும். திருநள்ளாற்றுக்கு மேலே தோன்றா.

இச்செய்தியைக் காணும்போதெல்லாம் அடியேனுக்கு வருத்தம் உண்டாவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சமயவாதத்தில் தீயின் சோதனையைக் கடந்தது இதே தலத்தின் பதிகம் அல்லவா? மதுரையில் சமணருடன் நடந்த வாதில், ஞானசம்பந்தர் திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏட்டை எடுத்து அனலில் இட்டார்; ஏடு வேகாமல் பச்சையாகவே நின்றது; அதனால் அதற்குப் 'பச்சைப் பதிகம்' என்று பெயர் வந்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றாய், நாகவிடங்கர் உன்மத்த நடனம் ஆடும் தலமும் இதுவே. இவ்வளவையும் விட்டுவிட்டு நாசாவின் திகைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நளன் கதையும் பச்சைப் பதிகமும் அறியாத பிள்ளைகள், நிற்காத செயற்கைக்கோளை மட்டும் அறிந்திருக்கிறார்கள்.

பெரிய கோயிலின் நிழல்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது இணையத்துக்கு முன்பே இருந்த செய்தி. இப்போது அதற்குச் சிறகு முளைத்திருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அங்கே சென்று நந்தி மண்டபத்தின் பக்கம் நிற்கட்டும். 200 அடிக்கு மேல் உயர்ந்த அந்த விமானத்தின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு வருவதைக் காணலாம். யாத்திரை வந்த குடும்பங்கள் அந்த நிழலில்தான் அமர்ந்து இளைப்பாறுகின்றன.

ஆனால் அக்கோயிலில் உண்மையான அதிசயம் ஒன்று இருக்கிறது. அதை இணையம் இப்போது நம் வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பிக்கத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் படிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள். ஓய்வான ஒரு பிற்பகலில் அதைத் திறந்த அடியேன், விளக்கு வைக்கும் நேரம் வரை மூடவில்லை.

1010-ஆம் ஆண்டில் கோயிலை நிறைவுசெய்த இராசராசன், அதற்குத் தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்த அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னான். பொன்னை 'ஆடவல்லான்' என்ற பெயருடைய கல்லால் நிறுத்து, எடையை எழுதினார்கள். நெல்லை அதே பெயருடைய மரக்காலால் அளந்தார்கள். கோயிற்பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொருத்தியும் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பதுவரை குறிப்பு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பணிப்பெண்ணின் வீட்டு எண் நமக்குத் தெரிகிறது!

செப்புத் திருமேனிகளைப் பற்றிய குறிப்பு இன்னும் வியப்பானது. திருவடி முதல் திருமுடி வரை இத்தனை முழம், இத்தனை விரல், திருக்கைகள் இத்தனை, பீடத்தின் உயரம் இவ்வளவு, கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதன் பயனைப் பாருங்கள். காலம் செல்லச் செல்ல, அக்கோயிலை எழுப்பியவன் யார் என்பதையே மக்கள் மறந்துவிட்டார்கள். தலபுராண வழக்கில் வேறு சோழர்களின் பெயர்கள் வந்து சேர்ந்தன. 1886-ஆம் ஆண்டு வாக்கில் ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகே, கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது உறுதியாயிற்று. அளந்து எழுதிவைத்ததனால் அல்லவா அவனுடைய பெயரே அவனுக்குத் திரும்பக் கிடைத்தது?

ஒரு புகைப்படம் பெருமானை வீட்டுக்கு அழைத்துவந்தது

கடைசி முத்து இது. இதற்காகவே மற்றவற்றை வரிசைப்படுத்தினேன்.

புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் அடுத்த ஆண்டு முதலே தென்னகக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று திருமேனிகளையும் சிற்பங்களையும் படமெடுத்துவந்தார்கள். பெரிய தலங்களுக்கு மட்டும் அல்ல; பூட்டிக் கிடந்த சிற்றூர்க் கோயில்களுக்கும் போனார்கள். எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஊரும் கோயிலும் ஆண்டும் குறித்து அடுக்கிவைத்தார்கள். அப்போது அதை யாரும் பெரிய செய்தியாக எண்ணவில்லை.

1994-இல் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலில் ஒரு நடராசரைப் படமெடுத்தார்கள். சோழர் காலத் திருமேனி. சில ஆண்டுகளில் அந்தக் கோயிலின் திருமேனிகள் களவு போயின. ஊராருக்குக்கூட உடனே தெரியவில்லை. 2008-இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் ஒரு நடராசரை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முறையான உரிமைச் சான்றுகள் இருப்பதாக விற்றவர் காகிதங்கள் காட்டியிருந்தார்.

அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது ஸ்ரீபுரந்தானில் எடுத்த புகைப்படம். சிலைகளை மீட்பதில் ஆர்வம் கொண்ட அன்பர்கள் சிலர் இணையத்தில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். நம் சிற்பிகள் செப்புத் திருமேனியை மெழுகில் வடித்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு மண்கருவை உடைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு கருவுக்கு ஒரு திருமேனிதான். திருவாசியின் சுடரோ, விரிசடையின் வளைவோ, பீடத்தில் உள்ள தேய்வோ மற்றொன்றில் அப்படியே அமையாது. இரண்டு படங்களிலும் இருந்தவர் ஒருவரே என்பது ஐயமின்றித் தெரிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே பெருமானைத் தில்லிக்குக் கொண்டுவந்து நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலம் கோயிலிலிருந்து போயிருந்த அர்த்தநாரீசுவரரும் அவருடன் திரும்பினார். அவரையும் காட்டிக்கொடுத்தது 1974-இல் எடுத்த ஒரு படமே.

தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள ஆனந்தமங்கலத்தை நம் அன்பர்கள் நன்கு அறிவர். மூன்று கண்களும் பத்துக் கரங்களும் கொண்ட ஆஞ்சநேயரைத் தரிசிக்க அங்குச் செல்கிறோம். அந்த இராசகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978-இல் இராமர், இலக்குவர், சீதாப்பிராட்டி திருமேனிகள் களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், விற்பனைக்காக இணையத்தில் வெளியான ஒரு படம் ஆர்வலர் ஒருவரின் கண்ணில் பட்டது. 1958-இல் அதே பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்துவைத்திருந்த படத்துடன் ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தில் அவற்றை வைத்திருந்தவர் உண்மை தெரிந்ததும் தாமாகவே ஒப்படைத்தார். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் மூவரும் தமிழகம் வந்து சேர்ந்தார்கள். பதினான்கு ஆண்டு வனவாசம் போனவர்களுக்கு இம்முறை 42 ஆண்டு.

அன்பர்களே, அங்கே எது பெருமானை மீட்டது? "எங்கள் சுவாமி உலகிலேயே பெரியவர்" என்ற பேச்சன்று. "எங்கள் சுவாமி இவர், இந்த ஆண்டில், இந்த ஊரில், இந்தச் சந்நிதியில் இருந்தார், திருமேனியில் இந்த அடையாளம் இருக்கிறது" என்ற சிறு குறிப்புத்தான். இராசராசன் விரல் கணக்கில் எழுதிவைத்ததும் அதுவே.

பெரியவருக்கு மறுமொழி

மயிலாடுதுறைப் பெரியவர் அவர்களுக்கு: தாங்கள் பொய் சொன்னவர் ஆகவில்லை. பக்தியினால் நம்பினீர்கள். ஆனால் அந்தச் செய்தியை எழுதியவருக்குப் பக்தி இருந்திருந்தால், எட்டுத் தலங்களையும் வரைபடத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்திருப்பார். அடுத்த முறை இவ்வாறு ஏதேனும் வந்தால், பேரனிடம் "இதை நம்பு" என்று காட்டாமல், "இதை அளந்து பார்த்துச் சொல்லப்பா" என்று கொடுங்கள். பொய்யானால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்; மெய்யானால் அவனே பத்துப் பேருக்குச் சொல்லுவான். காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றையும் முதலில் அவனைக்கொண்டே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற அன்பர்கள் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ உங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர் இருக்கக்கூடும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் உற்சவத்தின்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருக்கக்கூடும். மாப்பிள்ளை அழைப்புப் படத்தின் ஓரத்தில் வீதியுலா வரும் சுவாமி தெரியக்கூடும். அந்தப் படம் வேறு எவரிடமும் இல்லாமல் இருக்கலாம். சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகள் பலவற்றுக்கு, உங்கள் தலைமுறையின் நினைவும் உங்கள் வீட்டுப் படமும் தவிர வேறு சாட்சி இல்லை.

அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஊர், கோயில், சுவாமியின் திருநாமம், ஆண்டு, எந்த விழா என்பவற்றை எழுதுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லையென்றால், "மூத்த மகள் பிறந்த ஆண்டு" என்று எழுதினாலும் போதும், பிள்ளைகள் கணக்கிட்டுக்கொள்வார்கள். பேரனோ பேத்தியோ கைப்பேசியில் அதைத் தெளிவாகப் படியெடுத்து வைக்கட்டும். ஒரு படி கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். இனி வரும் திருவிழாவில் வீதியுலா வரும் உற்சவரையும் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் படமெடுக்கச் சொல்லுங்கள். கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை இருக்கும் தலங்களில் அதை மீறவேண்டாம். வீதிக்கு வரும்போது சுவாமியே நமக்காக வெளியே எழுந்தருளுகிறார்.

அவ்வாறு உங்கள் வீட்டில் பழைய மலரோ படமோ கிடைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதுங்கள். வரும் வாரங்களில் இணையத்தில் கண்டவற்றுக்குப் பதிலாக, உங்கள் பரணில் கண்டவற்றை இப்பகுதியில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.